வார இறுதிப் பயணத்துக்கு இன்டர்ரெயில் பாஸ் ஏற்றதா? மியூனிக்கிலிருந்து ஒரு மதிப்புரை

பரிமாற்றத் திட்டத்தில் ஒரே ஒரு பருவம் படிக்க ஜெர்மனிக்கு வரும் மாணவர்களிடம், விடுதி அறையின் சாவி கைக்கு வரும் முன்பே, மூத்த மாணவர் யாராவது இன்டர்ரெயில் பாஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே சீட்டு, 33 நாடுகள், எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற அந்த வர்ணனையைக் கேட்டதும், வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் வாழ்க்கை கண்முன் விரிந்துவிடும். மியூனிக்கில் குளிர்காலப் பருவத்தைக் கழித்த நான் அந்தப் பாஸையும் பயன்படுத்தினேன், அது இல்லாமலும் சுற்றினேன். பாஸ் நல்ல பொருள்தான். ஆனால் வார இறுதிப் பயணங்களுக்காக அதை வாங்குவது பணத்துக்குக் கேடு என்பதே என் முடிவு. அதன் விதிகளைப் பொறுமையாகப் படித்தால், அது தொடர்ச்சியாகப் பல நாட்கள் ஊர் சுற்றுகிறவருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதும், ஒரே ஊரில் தங்கி வாரத்துக்கு ஒருமுறை வெளியே போய்வருகிறவரை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் பாஸ் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1972இல் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ஐரோப்பிய ரயில் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய இத்திட்டம் இன்று எல்லா வயதினருக்கும் திறந்திருக்கிறது. 27 வயது வரை உள்ளவர்களுக்கு இளைஞர் விலை உண்டு. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில் என்று இரண்டாகப் பிரித்து விற்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது குடியுரிமை அன்று, வசிப்பிடம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் ஜெர்மனியில் வசிப்பிட அனுமதி அட்டை பெற்றவர் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். மாதத்துக்கு 4, 5 அல்லது 7 பயண நாட்கள், இரண்டு மாதங்களுக்கு 10 அல்லது 15 பயண நாட்கள் என்று ஒருவகை. 15 நாள் முதல் மூன்று மாதம் வரை இடைவிடாமல் செல்லுபடியாகும் இன்னொரு வகை. பயண நாள் என்பது ஒரு நாட்காட்டி நாள். அந்த ஒரு நாளுக்குள் எத்தனை ரயிலில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வார இறுதிப் பயணம் ஒன்றுக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள் என இரண்டு பயண நாட்கள் செலவாகும். ஆகவே 4 நாள் பாஸ் இரண்டே வார இறுதிகளுக்குத்தான் வரும். அதன் இளைஞர் விலையே 200 யூரோவுக்கு மேல் என்பதால், ஒரு பயணத்துக்கு 100 யூரோவைத் தாண்டிவிடுகிறது. இதே தூரங்களுக்கு ஒன்றரை மாதம் முன்னதாகச் சலுகைச் சீட்டு வாங்கினால் ஆகக்கூடிய செலவு பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். அந்த நான்கு நாட்களையும் ஒரே மாதத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்பது அடுத்த இடையூறு. அக்டோபரில் ஒரு பயணம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஒன்று, ஜனவரியில் பனி பார்க்க ஒன்று என்று பருவம் முழுவதும் பரப்பிக்கொள்ள முடியாது. ஒரே மாதத்தில் இரண்டு மூன்று வார இறுதிகளை வெளியூரில் கழித்துவிட்டு, ஒப்படைப்புகளையும் ஆய்வக அறிக்கைகளையும் எப்போது எழுதுவது என்ற கேள்விக்குப் பாஸை விற்பவர்களிடம் விடை இருக்காது.

எல்லாவற்றையும்விடக் கடுமையான விதி சிறிய எழுத்தில் இருக்கிறது. வசிக்கும் நாட்டுக்குள் பாஸைப் பயன்படுத்த ஒரு வெளிச்செல்லும் பயணமும் ஒரு திரும்பும் பயணமும் மட்டுமே அனுமதி. மியூனிக்வாசிக்கு இதன் பொருள், முதல் வார இறுதியில் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பியதோடு ஜெர்மானிய ரயில்களில் பாஸின் பயன் முடிந்துவிடுகிறது என்பதுதான். இரண்டாவது வார இறுதிக்குப் பாஸில் நாட்கள் மீதமிருந்தாலும், மியூனிக்கிலிருந்து எல்லை நிலையம் வரை தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். தொடர் பயணிக்கு இந்த விதி ஒரு பொருட்டே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்புவது ஒருமுறை, திரும்புவது ஒருமுறை. வாரந்தோறும் வீடு திரும்புகிறவருக்கோ இது பாஸின் அடிப்படையையே ஆட்டிவிடுகிறது. பரிந்துரைத்த மூத்தவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் தேர்வு முடிந்தபின் ஒரே மூச்சில் சுற்றியவர்கள்.

இருக்கை முன்பதிவுக் கட்டணத்தையும் பாஸின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றில் முன்பதிவு கட்டாயமில்லை; பாஸைக் காட்டி ஏறி, காலியாக உள்ள இடத்தில் உட்காரலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சாரோசா, ஸ்பெயினின் அதிவிரைவு ரயில்கள் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். பிரான்ஸின் உள்நாட்டு டிஜிவியில் அது பெரும்பாலும் 10 முதல் 20 யூரோ வரை. லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களை இணைக்கும் யூரோஸ்டாரில் அதற்கும் மேல். போதாக்குறைக்கு, சில ரயில்களில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும்தான் அவை முதலில் தீர்கின்றன. நினைத்த நேரத்தில் நினைத்த ரயில் என்ற பாஸின் முக்கியமான கவர்ச்சி, மாணவர் பயணம் செய்யக்கூடிய அந்த இரண்டு மாலைகளில்தான் அதிகமாக அடிபடுகிறது.

பாஸைக் கைப்பேசியில் வைத்திருக்க உதவும் செயலியைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. செல்லும் ரயிலை முன்கூட்டியே அதில் சேர்த்து, அன்றைய நாளைச் செயல்படுத்தினால் பரிசோதகருக்குக் காட்டவேண்டிய குறியீடு வந்துவிடும். ரயிலில் ஏறும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பதும், கூடவே கடவுச்சீட்டு இருக்க வேண்டும் என்பதும் மட்டும் விதி. பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்குத் தனித் தலைவலி. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியவர்களும், குடும்பப் பெயர் கட்டமே காலியாக உள்ளவர்களும் ஒவ்வொரு இணையப் படிவத்திலும் திண்டாடுவார்கள். எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் இடுவது என்று பருவத் தொடக்கத்திலேயே ஒருமுறை முடிவு செய்து, பல்கலைக்கழகப் பதிவு, வங்கி, ரயில், விமானம் எல்லாவற்றிலும் அதையே தொடர்ந்தால் பின்னால் தொல்லை குறையும்.

பாஸை விட்டுவிட்டால் வேறு எதை நம்புவது? என் விடை, ஜெர்மனியின் மாதாந்திரச் சீட்டான டாய்ச்லாண்ட்டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோ விலையில் தொடங்கிய இது 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும், 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்தது. பவேரியாவில் மாணவர்களுக்கென 29 யூரோவில் தொடங்கிய சலுகைச் சீட்டின் விலையும் பின்னர் கூடியிருக்கிறது. நகரத்துக்குள் வகுப்புக்குப் போய்வர எப்படியும் இதை வாங்கப் போகிறோம் என்பதால், பயணக் கணக்கில் இதன் விலையை நான் சேர்ப்பதில்லை. ஐசிஇ போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது; நாடு முழுவதும் வட்டார ரயில், மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். மாதச் சந்தா என்பதால், அடுத்த மாதம் வேண்டாமென்றால் நடப்பு மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். ஊர் திரும்பும் அவசரத்தில் பலர் மறந்துவிடும் தேதி இது.

மியூனிக்கில் இருப்பவருக்கு இந்தச் சீட்டின் அருமை எல்லை நிலையங்களில்தான் தெரியும். ஆஸ்திரியாவுக்குள் இருக்கும் சால்ஸ்பர்க் வரையிலும், அந்நாட்டின் டிரோல் மாநிலத்துக்கு நுழைவாயிலான குஃப்ஸ்டைன் வரையிலும் வட்டார ரயிலில் இதே சீட்டில் போகலாம். சால்ஸ்பர்க்குக்கு இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. காலையில் போய், கோட்டையில் ஏறி இறங்கி, சால்சாக் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு இரவுக்குள் திரும்பினால் ரயிலுக்கென்று ஒரு சதம்கூடக் கூடுதலாகச் செலவாகாது. வியன்னா போக வேண்டுமானால் சால்ஸ்பர்க்கிலிருந்து மட்டும் சீட்டு எடுத்தால் போதும். அந்தத் தடத்தில் ஆஸ்திரிய அரசு ரயில்வேயோடு வெஸ்ட்பான் என்ற தனியார் நிறுவனமும் 2011 முதல் ஓடிக்கொண்டிருப்பதால் விலைப்போட்டி இருக்கிறது. பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். குஃப்ஸ்டைனிலிருந்து இன்ஸ்புரூக் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மேற்கே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள ஜெர்மானிய ரயில் நிலையம் வரையிலும் இச்சீட்டு செல்லும். ஆனால் மியூனிக்கிலிருந்து வட்டார ரயில்களிலேயே மாறி மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதிச் சனிக்கிழமை போய்விடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செக் தலைநகரான பிராகாவுக்கான வழி இன்னும் சுவையானது. மியூனிக்கிலிருந்து நேரடியாகச் செல்லும் ரயில், ஜெர்மனிக்குள் வட்டார ரயிலாகவே கருதப்படுவதால், எல்லையில் உள்ள ஃபூர்ட் இம் வால்ட் நிலையம் வரை மாதாந்திரச் சீட்டு போதும். அங்கிருந்து பிராகா வரைக்கும் மட்டும் செக் ரயில்வேயின் தளத்தில் சீட்டு வாங்கிவிட்டு, இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே எல்லையைக் கடக்கலாம். ஆறு மணி நேரத்தை நெருங்கும் பயணம், வேகத்தை எதிர்பார்ப்பவருக்கு ஏற்றதன்று. பொஹீமியக் காடுகளின் ஊடே ரயில் ஊர்ந்து செல்வதைப் பார்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமைச் சோர்வைப் போக்கிக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல ரயில் தெற்கு ஜெர்மனியில் கிடைப்பது அரிது.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். சீட்டை எல்லையில் வெட்டினால் பொறுப்பும் அங்கே வெட்டுப்படுகிறது. ஒரே சீட்டில் முழுப் பயணமும் இருந்தால், முதல் ரயில் தாமதமாகி இணைப்பு தவறும்போது அடுத்த ரயிலில் ஏற்றிவிடும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. 60 நிமிடத் தாமதத்துக்குச் சீட்டு விலையில் கால் பங்கும், 120 நிமிடத்துக்குப் பாதியும் இழப்பீடாகக் கேட்கலாம். இரண்டு தனிச் சீட்டுகளாக இருந்தால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவுச் சீட்டு கையிலேயே காலாவதியாகிவிடும். ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 2024ஆம் ஆண்டு நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடுதான், அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. வட்டார ரயில்களின் நிலை அதைவிட மேல் என்றாலும், இணைப்புக்குப் பத்து நிமிடம் மட்டும் விட்டுத் திட்டமிடுவது துணிச்சலான செயல்.

ஆயினும் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் இதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. போகும்போது எந்த ரயிலிலும் செல்லும் மாதாந்திரச் சீட்டு முதலிலும், நேரம் குறித்த மலிவுச் சீட்டு பின்னாலும் வருகின்றன. தாமதமானால் நட்டம் நமக்கு. திரும்பும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. வியன்னாவிலிருந்து வரும் ரயில் எவ்வளவு தாமதமானாலும், சால்ஸ்பர்க்கில் அடுத்து வரும் வட்டார ரயிலில் ஏறிக்கொள்ளலாம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும். எனவே வெள்ளி மாலை எல்லை நிலையத்தில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, ஞாயிறு மாலை அந்த இடைவெளியைச் சுருக்கி, மிச்சமாகும் நேரத்தை ஊர் பார்ப்பதற்குக் கொடுத்தேன். இப்படித் திட்டமிடத் தொடங்கிய பிறகு பாஸின் மீதிருந்த ஆசை பெருமளவு தணிந்துவிட்டது. தாமதங்களுக்கு அஞ்சாமல் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம் என்பதே பாஸின் உண்மையான வலிமை. அதில் பாதியை மாதாந்திரச் சீட்டே கொடுத்துவிடுகிறது.

தொலைவான ஊர்களுக்கு இரவு ரயில்தான் மாணவருக்கு நண்பன். ஜெர்மன் ரயில்வே 2016இல் தன் படுக்கை ரயில்களைக் கைவிட்டபோது, ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் பலவற்றை ஏற்று நைட்ஜெட் என்ற பெயரில் நடத்தத் தொடங்கியது. மியூனிக்கிலிருந்து இரவு எட்டு மணியளவில் புறப்படும் ரயில் மறுநாள் காலை ரோமில் கொண்டுபோய் விடுகிறது. புடாபெஸ்டுக்கு நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் வேறோர் இரவு ரயில் உண்டு. வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் ரயிலிலேயே கழிவதால், இரண்டு முழுப் பகல்கள் கிடைப்பதோடு விடுதி வாடகையும் ஓர் இரவுக்கு மட்டுமே ஆகிறது. நம் ஊர் ஸ்லீப்பர் பெட்டியில் பழகியவர்களுக்குக் குஷெட் எனப்படும் படுக்கைப் பெட்டி அந்நியமாக இருக்காது. கதவு சாத்திக்கொள்ளும் அறைக்குள் நால்வர் அல்லது அறுவர், போர்வையும் தலையணையும் அவர்களே தருவார்கள். உட்கார்ந்து செல்லும் இருக்கை மிக மலிவாகக் கிடைக்கும். அதில் தூங்கிவிட்டுத் திங்கள் காலை எட்டு மணி வகுப்பில் கண் விழித்திருப்பது கடினம். இன்டர்ரெயில் பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், இங்கேயும் அதனால் பெரிய மிச்சமில்லை. நள்ளிரவைத் தாண்டி ஓடினாலும், புறப்பட்ட நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கிடப்படும் என்பது ஒரு சிறு ஆறுதல்.

வெனிஸுக்கும் இரவு ரயில் இருக்கிறது. அங்கே பகல் மட்டும் தங்கித் திரும்புகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். வசந்த கால, கோடைக்கால வார இறுதிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். நகரில் இரவு தங்குகிறவர்களுக்கு இது இல்லை என்றாலும், விலக்குக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2013இல் தொலைதூரப் பேருந்துகளுக்கு இருந்த தடைகளை ஜெர்மனி நீக்கியபோது மியூனிக்கில் ஓடத் தொடங்கிய ஃபிளிக்ஸ்பஸ் இன்று ஐரோப்பாவெங்கும் ஓடுகிறது. 2024இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஹக்கர்புரூக்கே நிலையத்தை ஒட்டிய பேருந்து முனையத்திலிருந்து பிராகாவுக்குச் சுமார் ஐந்து மணி நேரம். ரயிலை விட விரைவு, பெரும்பாலும் மலிவும்கூட. கால் நீட்ட இடம் போதாது என்பதும், ஞாயிறு மாலை ஜெர்மனிக்குள் நுழையும்போது எல்லைச் சோதனைக்காகக் காத்திருக்க நேரும் என்பதும் குறைகள். கடைசி நேரத்தில் திட்டமிடுகிறவருக்கு இதைவிட்டால் வழியில்லை.

மலிவு விமானங்களுக்கு நான் குறைந்த மதிப்பெண்ணே கொடுப்பேன். இருபது யூரோவுக்குச் சீட்டு கிடைப்பது உண்மை. ஆனால் அந்த விமானங்கள் கிளம்புவதும் இறங்குவதும் பெரும்பாலும் வேறு ஏதோ ஊரில். மியூனிக்குக்கென்று சொல்லப்படும் மெமிங்கன் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பாரிஸுக்கென்று சொல்லப்படும் போவே சுமார் 85 கிலோமீட்டர். இரு பக்கமும் பேருந்துக் கட்டணத்தையும், இருக்கைக்கு அடியில் கொள்ளாத பைக்கு வாங்கும் தொகையையும், போய்வரும் அரை நாளையும் கூட்டிப் பார்த்தால் ரயில் கட்டணம் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், இணையத்தில் செக்-இன் முடித்திருந்தாலும், பாதுகாப்புச் சோதனைக்கு முன் ஆவணங்களை முகப்பில் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கட்டாயப்படுத்துகின்றன. கைப்பை மட்டும்தானே என்று கடைசி நிமிடத்தில் ஓடும் நம் மாணவர்கள் சிக்குவது இங்கேதான். லிஸ்பன், ஏதென்ஸ் போன்று ரயிலில் எட்டாத ஊர்களுக்கு மட்டும் விமானத்தை வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக இறங்கி, காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தால், 1,500 கிலோமீட்டருக்குட்பட்ட பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எந்தச் சீட்டை வாங்கினாலும் ஆவண விதிகள் ஒன்றுதான். ஜெர்மனியின் நீண்டகால விசாவோ வசிப்பிட அட்டையோ இருப்பவர், மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொதுவான விசா ஏற்பாட்டில் இணைந்த ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. 2025 ஜனவரி முதல் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும் என்பதால், லண்டனை வார இறுதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நிம்மதி. எல்லையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் பழைய காலத்தில் பயணம் செய்தவர்கள். ஆஸ்திரிய எல்லையில் 2015 முதலும், எல்லாத் தரை எல்லைகளிலும் 2024 செப்டம்பர் முதலும் ஜெர்மனி சோதனை நடத்துகிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும் ரயிலில் ஃப்ரைலாசிங் நிலையத்தில் காவலர்கள் ஏறுவது வழக்கமான காட்சி. கைப்பேசியில் எடுத்த படம் எடுபடாது, அசல் கடவுச்சீட்டும் அட்டையும் வேண்டும். அந்த அட்டைக்கு இனிமையான பயனும் உண்டு. பாரிஸின் லூவர் போன்ற அருங்காட்சியகங்களில் 26 வயதுக்குட்பட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி வாசிகளுக்கு நுழைவு இலவசம். வசிப்பிடம்தான் கணக்கு என்பதால் நம் மாணவர்களும் அதில் சேர்த்தி.

மியூனிக்கிலிருந்து ஸூரிக் செல்லும் ரயிலில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 முதல் கைப்பேசி இணையத்துக்குக் கூடுதல் கட்டணமில்லை. சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆஸ்திரியாவின் பிரெகன்ஸைத் தாண்டிச் சற்று நேரத்தில் சுவிஸ் எல்லை வந்துவிடும், அதற்குள் தரவை அணைத்துவிடுவது நல்லது. உணவைப் பற்றி ஒரு வரி: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வெள்ளிக்கிழமையே ஒரு டப்பா தயிர்சாதத்தைப் பையில் வைத்துக்கொண்டால், இரவு ரயிலில் வெறும் ரொட்டியைக் கடிக்க வேண்டியிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் பாஸை வாங்கச் சொல்வேன், ஆனால் பருவம் முடிந்த பிறகு. குளிர்காலப் பருவத்தில் வகுப்புகள் பிப்ரவரி முற்பகுதியில் முடிந்து, தேர்வுகள் அதையொட்டி வந்து, பருவம் அதிகாரபூர்வமாக மார்ச் 31 வரை நீள்கிறது. தேர்வுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே கிடைக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு, இரண்டு மாதத்தில் 10 பயண நாள் பாஸ் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. வெளிச்செல்லும் ஒரு பயணம், திரும்பும் ஒரு பயணம் என்ற விதி அப்போது தடையாகாது. சாதாரணச் சீட்டு விலை மிக உயர்ந்த சுவிட்சர்லாந்தை முதலில் வைத்து, நாள்தோறும் ஊர் மாறினால் பாஸின் விலையில் பெரும் பங்கு அங்கேயே திரும்பி வந்துவிடும். யுங்ஃபிராவ் போன்ற மலை ரயில்களில் மட்டும் தள்ளுபடிதான், முழு இலவசம் இல்லை. அங்கிருந்து 57 கிலோமீட்டர் நீளக் கோட்டார்ட் சுரங்கம் வழியாக மிலானுக்கு இறங்கலாம். இத்தாலிக்குள் முன்பதிவு தேவைப்படாத வட்டார ரயில்களிலேயே கிழக்கு நோக்கி நகர்ந்து, வியன்னா, பிராகா வழியாக ஜெர்மனிக்குள் திரும்பலாம். பிரான்ஸையும் ஸ்பெயினையும் இந்தப் பாஸில் நுழைக்காமல் இருப்பதே மேல்.

வாங்கும் நேரத்திலும் சற்றுச் சாமர்த்தியம் வேண்டும். ஆண்டில் சில முறை, குறிப்பாக நவம்பர், டிசம்பர் வாக்கில், பாஸ் தள்ளுபடியில் வரும். வாங்கிய நாளிலிருந்து 11 மாதங்களுக்குள் செயல்படுத்தினால் போதும் என்பதால், பருவத்தின் நடுவே வாங்கி வைத்துவிட்டு, தேர்வு அட்டவணை உறுதியான பிறகு தொடக்க நாளைக் குறிக்கலாம். தள்ளுபடியில் வாங்கியவற்றைத் திருப்பிக் கொடுக்கும் விதிகள் இறுக்கமானவை. ஆகவே மறுதேர்வு எழுத வேண்டியிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் மட்டும் முழு விலை கொடுத்துப் பிறகு வாங்குவது பாதுகாப்பானது.